மீன் எவ்வளவு பழையது? நொதியை எலக்ட்ரோடில் ஒட்டி ஒரு பயோசென்சர் செய்யும் முழு வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்தில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் 30 வருடமாக மீன் விற்கிறார். இந்த சென்சரைப் பற்றி அவரிடம் முதலில் சொன்னபோது, கூடையில் இருந்த அயிலை (கானாங்கெளுத்தி) ஒன்றின் செவுளை விரலால் தூக்கிக் காட்டினார். "சிவப்பா இருக்குல்லா? இதுக்கு எதுக்கு மக்களே மெசினு?" அப்புறம் அவரே கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஆனா ஐசுல நாளுக்கணக்கா கெடந்த மீனுக்கு செவுளு வெளுத்துப்போவும். அதுல நல்ல மீனும் உண்டு, ஆவாத மீனும் உண்டு. அத வேணும்னா உன் மெசினு சொல்லட்டும்."

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் ஒரு கருவியை எப்படிச் செய்வது என்பதுதான் இந்த வழிகாட்டி. கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் இடம் கிடைக்கிற இறுதியாண்டு மாணவர்களை நினைத்து எழுதுகிறேன். உயிரியல் படித்தவர்களுக்கு சர்க்யூட் பயம், எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்களுக்கு நொதி பயம். என் அனுபவத்தில் சர்க்யூட் இரண்டு நாள் வேலை. ஒரு புரத மூலக்கூறைக் கரியின் மேல் உயிரோடு உட்கார வைப்பதுதான் மாதக்கணக்கில் இழுக்கும். அதனால் அந்தப் பகுதியில்தான் அதிக நேரம் நிற்கப் போகிறேன்.

எதை அளக்கப் போகிறோம்

மீன் செத்ததும் தசைக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. (ATP) என்ற மூலக்கூறு படிப்படியாக உடைகிறது. முதலில் ATP, அதிலிருந்து ADP, அதிலிருந்து ஏ.எம்.பி., அதிலிருந்து ஐ.எம்.பி., பிறகு இனோசின், கடைசியில் ஹைப்போசாந்தின். ஐ.எம்.பி. இருக்கும்வரை மீனுக்கு நல்ல ருசி இருக்கும். ஹைப்போசாந்தின் சேரச் சேரக் கசப்பு எட்டிப் பார்க்கும். 1959இல் ஜப்பானில் சைட்டோவும் அவருடைய சகாக்களும் இந்தச் சிதைவை வைத்து 'கே மதிப்பு' என்ற புத்துணர்ச்சி அளவையே கொண்டுவந்தார்கள். நாம் அந்தத் தொடரின் கடைசிக் கண்ணியை மட்டும் பிடிக்கிறோம்.

பிடிப்பதற்கான கை, சாந்தின் ஆக்சிடேஸ் என்ற நொதி. பசும்பாலிலிருந்து பிரித்தெடுத்து விற்கிறார்கள். இது ஹைப்போசாந்தினை சாந்தினாகவும், சாந்தினை யூரிக் அமிலமாகவும் மாற்றும். ஒவ்வொரு மாற்றத்திலும் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு ஹைட்ரஜன் பெராக்சைடை வெளிவிடும். எலக்ட்ரோடுக்கு ஹைப்போசாந்தினைத் தெரியாது, ஆனால் பெராக்சைடைத் தெரியும். நொதி ஆளை அடையாளம் காட்டும், எலக்ட்ரோடு கணக்கு எழுதும். 1962இல் லேலண்ட் கிளார்க்கும் சேம்ப் லயன்ஸும் குளுக்கோஸுக்குச் சொன்ன யோசனையின் அடிப்படையும் இதுதான்: நொதியை எலக்ட்ரோடின் மேல் மெல்லிய சவ்வுக்குள் அடைத்து வை, அது செய்யும் வேலையை மின்னோட்டமாகப் படி. இன்று வீட்டில் சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் வரை அந்த வழியில் வந்ததுதான்.

வாங்க வேண்டியவை

கரி மை அச்சிட்ட எலக்ட்ரோடுகள் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே பட்டையில் வேலை எலக்ட்ரோடு, எதிர் எலக்ட்ரோடு, வெள்ளி-வெள்ளி குளோரைடு ஒப்பீட்டு எலக்ட்ரோடு மூன்றும் இருக்கும். வேலை எலக்ட்ரோடு 4 மி.மீ. விட்டம் கொண்ட வட்டமாக இருந்தால் கையாளுவது எளிது. சாந்தின் ஆக்சிடேஸ், மாட்டு சீரம் ஆல்புமின், 25 சதவீத குளூட்டரால்டிஹைடு, பொட்டாசியம் ஃபெரிசயனைடு, ஃபெரிக் குளோரைடு, ஹைப்போசாந்தின், கைட்டோசான் ஆகியவை வேண்டும். செலவில் பெரிய பங்கு நொதிக்கும் எலக்ட்ரோடுக்கும் போகும், ஆகையால் நொதியைக் கடைசியில் வாங்குங்கள். மற்றதெல்லாம் சரியாக வேலை செய்கிறது என்று தெரிந்த பிறகு ஆர்டர் போட்டால் போதும்.

பி.எச். மாறாமல் பிடித்து வைக்கும் பஃபர் கரைசல் 1 லிட்டருக்கு: டைபொட்டாசியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 5.3 கிராம், பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 2.7 கிராம், பொட்டாசியம் குளோரைடு 7.5 கிராம். மீட்டர் வைத்து பி.எச். 7.0க்குக் கொண்டுவாருங்கள். சோடியம் உப்புதான் கையில் இருக்கிறது என்று அதைப் போட்டுவிடாதீர்கள். ஏன் பொட்டாசியம் என்பது அடுத்த படியில் வரும்.

படி 1: கரியின் மேல் நீலம்

பெராக்சைடை வெறும் கரியிலோ பிளாட்டினத்திலோ அளக்க வேண்டுமானால் 0.6 வோல்ட்டுக்கு மேல் கொடுக்க வேண்டும். அந்த வோல்ட்டேஜில் யூரிக் அமிலமும் அஸ்கார்பிக் அமிலமும் சேர்ந்தே மின்னோட்டம் தரும். நம் நொதி உண்டாக்கும் பொருளே யூரிக் அமிலம் என்பதால் கணக்கு குழம்பிவிடும். இதற்கு மருந்து பிரஷ்யன் புளூ. இந்த நீலப் படலம் இருந்தால் பெராக்சைடு பூஜ்ய வோல்ட்டுக்குப் பக்கத்திலேயே வினைபுரியும். அங்கே மற்றவை பெரும்பாலும் வாய் திறக்காது.

பத்து மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 0.1 மோலார் ஃபெரிசயனைடு ஒரு குப்பியில், அதே அமிலத்தில் 0.1 மோலார் ஃபெரிக் குளோரைடு இன்னொரு குப்பியில். வேலை எலக்ட்ரோடின் மேல் மட்டும் முதலாவதில் 5 மைக்ரோலிட்டர், அதன் மேலேயே இரண்டாவதில் 5 மைக்ரோலிட்டர் வையுங்கள். துளி பக்கத்து எலக்ட்ரோடுக்கு வழிந்தால் அந்தப் பட்டையை ஒதுக்கிவிடுவதே நல்லது. 10 நிமிடம் அசையாமல் விடுங்கள். பழுப்பு மஞ்சளாக இருந்த துளி ஓரத்திலிருந்து பச்சையாகி, அடியில் கருநீலம் படியும். முதல் தடவை பார்க்கும்போது மனசுக்கு நிறைவாக இருக்கும். பிறகு அதே 10 மில்லிமோலார் அமிலத்தால் மெதுவாகக் கழுவி, 100 டிகிரி அவனில் ஒன்றரை மணி நேரம் உலர்த்துங்கள்.

ஃபெரிசயனைடை அடர் அமிலத்தோடு சேர்ப்பதோ சூடாக்குவதோ கூடாது, நச்சு வாயு வரும். இங்கே நாம் பயன்படுத்துவது மிக நீர்த்த அமிலம், அந்த அளவைத் தாண்டாதீர்கள்.

இந்த நீலத்துக்கு இரண்டு பிடிவாதம் உண்டு. ஒன்று, அதன் படிகக் கூட்டுக்குள் பொட்டாசியம் அயனிகள் போய்வர வேண்டும், சோடியம் அந்த அளவுக்குப் பொருந்தாது. இரண்டு, காரம் ஏறினால் கரைந்துபோகும். சாந்தின் ஆக்சிடேஸோ பி.எச். 8 பக்கம்தான் சுறுசுறுப்பாக இருக்கும். இரண்டு பேரையும் ஒரே வீட்டில் குடிவைக்க வேண்டும் என்பதால் பி.எச். 7 என்று சமாதானம் செய்துகொள்கிறோம். நொதியின் வேகத்தில் கொஞ்சம் இழப்போம், படலம் நிலைக்கும்.

நொதி போடுவதற்கு முன் நீலத்தைச் சோதியுங்கள். மெடிக்கல் கடையில் கிடைக்கும் 6 சதவீத பெராக்சைடு ஏறக்குறைய 1.8 மோலார். அதை 1,000 மடங்கு நீர்த்து, 10 மி.லி. பஃபரில் 100 மைக்ரோலிட்டர் விட்டால் 18 மைக்ரோமோலார் ஆகும். மைனஸ் 0.05 வோல்ட்டில் சில விநாடிகளில் மின்னோட்டம் படி ஏறியது போல ஏறி நிற்க வேண்டும். ஏறாத பட்டைக்கு நொதியை வீணாக்க வேண்டாம்.

படி 2: நொதியைச் சுத்தம் செய்வது

நான் 2 வாரம் தொலைத்த இடம் இது. முதல் தடவை நொதியையும் ஆல்புமினையும் குளூட்டரால்டிஹைடையும் கலந்து எலக்ட்ரோடில் வைத்தேன். ராத்திரி முழுக்க உலர்ந்தது. காலையில் பஃபரில் முக்கினேன். பழுப்பு நிறத்தில் ஒரு நூல் எலக்ட்ரோடிலிருந்து பிரிந்து, பீக்கரில் சுருண்டு சுருண்டு மேலே வந்து கரைந்தது. போட்ட நொதி அத்தனையும் அதுதான். குளூட்டரால்டிஹைடு பழசாகியிருக்கும் என்று புதுக் குப்பி உடைத்தேன். மறுபடியும் அதே நூல். பிறகுதான் நொதிக் குப்பியின் லேபிளைச் சரியாகப் படித்தேன்: அம்மோனியம் சல்பேட் கரைசலில் தொங்கல் (சஸ்பென்ஷன்).

குளூட்டரால்டிஹைடு புரதத்தின் அமீன் குழுக்களைப் பிடித்து ஒன்றோடொன்று கோக்கும் பொருள். அம்மோனியத்தைக் கண்டால் அதையே பிடித்துக்கொண்டு ஓய்ந்துவிடும், புரதத்துக்கு மிஞ்சாது. டிரிஸ் பஃபர் போட்டாலும் இதே கதிதான், அதிலும் அமீன் இருக்கிறது.

ஆகவே குப்பியிலிருந்து தேவையான அளவை எடுத்து, 4 டிகிரியில் சென்ட்ரிஃபியூஜ் செய்து மேல் தண்ணீரை நீக்குங்கள். அடியில் தங்கியதை பாஸ்பேட் பஃபரில் கரைத்து, 30 கிலோடால்டன் வடிகட்டிக் குழாயில் புது பஃபர் ஊற்றி 3 தடவை சுழற்றுங்கள். இந்த நொதி 290 கிலோடால்டனுக்குப் பக்கம் கனமுள்ளது, வடிகட்டியில் மேலேயே நின்றுகொள்ளும், அம்மோனியம் கீழே போய்விடும். நுரை பொங்க ஆட்டக்கூடாது, நுரையில் புரதம் கெட்டுப்போகும். எல்லாம் ஐஸ் தட்டின் மேல் நடக்கட்டும்.

படி 3: ஒட்ட வைப்பது

சுத்தம் செய்த நொதிக் கரைசல் 40 மைக்ரோலிட்டர், அதில் 1 முதல் 2 யூனிட் இருக்க வேண்டும். மி.லி.க்கு 100 மி.கி. ஆல்புமின் கரைசல் 40 மைக்ரோலிட்டர். கடைசியாக, 2.5 சதவீதமாக நீர்த்த குளூட்டரால்டிஹைடு 10 மைக்ரோலிட்டர். சேர்த்தவுடன் பிப்பெட்டால் இரண்டு தடவை மேலும் கீழும் இழுத்து, நீல வட்டத்தின் மேல் தலா 4 மைக்ரோலிட்டர் வையுங்கள். சில நிமிடத்தில் குழாயிலேயே இறுகத் தொடங்கும், ஆகையால் எலக்ட்ரோடுகளை முன்பே வரிசையாக அடுக்கி வைத்துவிட்டுத்தான் கலக்க வேண்டும். 20 எலக்ட்ரோடுக்குத் தாராளமாக வரும். குளூட்டரால்டிஹைடு கண்ணையும் மூச்சையும் எரிக்கும், கையுறையோடு ஃபியூம் ஹூடுக்குள் செய்யுங்கள்.

ஆல்புமின் எதற்கு என்று கேட்பார்கள். நொதியை மட்டும் கோத்தால் அதன் மேலேயே எல்லா முடிச்சும் விழுந்து அது விறைத்துப்போகும். ஆல்புமின் கூட இருந்தால் முடிச்சுகள் பெரும்பாலும் அதன் மேல் விழும், நொதி அந்த வலைக்குள் மூச்சு விட்டு உட்காரும். குளூட்டரால்டிஹைடின் அளவு நம்மூர் முந்திரிக்கொத்துக்குப் பாகு எடுப்பது மாதிரிதான். இளகினால் உருண்டை உதிரும், முறுகினால் பல் உடையும். 0.1, 0.3, 0.6 சதவீதம் என்று மூன்று பதத்தில் செய்து பார்த்துவிட்டு உங்கள் நொதிக்கு எது சரி என்று முடிவு செய்யுங்கள். மேலே சொன்ன அளவு ஏறக்குறைய 0.3இல் வரும்.

ஈரம் முழுசாகப் போகாமல், மூடிய டப்பாவில் நனைந்த பஞ்சோடு 4 டிகிரியில் ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் 0.1 மோலார் கிளைசின் கரைசலில் 10 நிமிடம் முக்குங்கள், வினைபுரியாமல் மிச்சமிருக்கும் ஆல்டிஹைடு அடங்கிவிடும். பஃபரில் கழுவி, மேலே 0.5 சதவீத கைட்டோசான் 2 மைக்ரோலிட்டர் பூசுங்கள். மீன் சாற்றில் உள்ள புரதம் நேரடியாக வந்து ஒட்டாமல் இந்தத் தோல் காக்கும். கைட்டோசான் இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுப்பது. குளச்சலில் மலையாகக் குவியும் ஓடு இப்படி மீனையே அளக்கத் திரும்பி வருவது எனக்குப் பிடித்த விஷயம்.

தங்கப் பரப்பில் தயோல் மூலக்கூறுகளை அடுக்கி அதன் மேல் புரதத்தைக் கட்டுவது, கிராஃபீன் டிரான்சிஸ்டரில் எதிர்ப்பொருளை ஒட்டுவது என்று வேறு வழிகளும் உண்டு. முதல் சென்சருக்கு அவை வேண்டாம். கோத்து ஒட்டும் இந்த முறையில் தவறினால் எங்கே தவறியது என்று கண்ணாலேயே பார்க்க முடியும்.

படி 4: சர்க்யூட்

கல்லூரியில் பொட்டென்ஷியோஸ்டாட் (எலக்ட்ரோடின் வோல்ட்டேஜைப் பிடித்து வைத்து மின்னோட்டத்தை அளக்கும் கருவி) இருந்தால் இந்தப் படியைத் தாண்டிவிடலாம். இல்லையென்றால் இரண்டு ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சிப்) போதும். ஒன்று, ஒப்பீட்டு எலக்ட்ரோடைப் பார்த்துக்கொண்டே எதிர் எலக்ட்ரோடை ஓட்டி வோல்ட்டேஜைப் பிடித்து வைக்கும். இன்னொன்று, வேலை எலக்ட்ரோடின் மின்னோட்டத்தை வோல்ட்டேஜாக மாற்றும். நமக்கு வரப்போவது பத்து முதல் சில நூறு நானோஆம்பியர். 741 என்ற ஆப்-ஆம்ப் சிப்பைப் போடாதீர்கள், அதன் சொந்த உள்ளீட்டு மின்னோட்டமே 80 நானோஆம்பியர் பக்கம். டி.எல்.072 போன்ற உள்ளீடு கசியாத சிப் எடுங்கள். பின்னூட்ட ரெசிஸ்டர் 1 மெகாஓம் என்றால் 100 நானோஆம்பியருக்கு 0.1 வோல்ட் வரும். அதற்கு இணையாக 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர் வைத்தால் 50 ஹெர்ட்ஸ் கரகரப்பு அடங்கும். ஆர்டுயினோ ஊனோவின் 10 பிட் அளவீட்டில் ஒரு படி ஏறக்குறைய 5 நானோஆம்பியராக விழுகிறது, அது கரடுமுரடு. ஏ.டி.எஸ்.1115 போன்ற 16 பிட் சிப் சேர்த்துக்கொள்ளுங்கள். செல்லை காலி பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்து, டப்பாவை கிரவுண்டில் இணைத்தால் பக்கத்து மின்விசிறியின் தொல்லை போகும்.

நொதி எலக்ட்ரோடை மாட்டுவதற்கு முன் அதற்குப் பதில் 1 மெகாஓம் ரெசிஸ்டரை வையுங்கள். 0.05 வோல்ட்டுக்கு 50 நானோஆம்பியர் காட்ட வேண்டும். காட்டினால் சர்க்யூட் முடிந்தது.

படி 5: அளவுகோல் வரைவது

ஹைப்போசாந்தின் 13.6 மி.கி. எடுத்து 100 மி.லி.யில் கரைத்தால் 1 மில்லிமோலார். தண்ணீரில் சோம்பலாகத்தான் கரையும், நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டால் கரைந்துவிடும். பீக்கரில் 10 மி.லி. பஃபர், மெதுவான சுழற்சி, மைனஸ் 0.05 வோல்ட். அடிக்கோடு (ஹைப்போசாந்தின் விடுவதற்கு முன் ஓடும் மின்னோட்டம்) அமைதியாகும்வரை 15 நிமிடம் பொறுத்திருங்கள், அவசரப்பட்டால் பின்னால் எல்லாமே தப்பாகும். பிறகு ஒவ்வொரு தடவையும் 50 மைக்ரோலிட்டர் விட்டால் செறிவு 5 மைக்ரோமோலார் ஏறும். படிக்கட்டு போல ஒரு வரைபடம் வரும். முதல் சில படிகள் ஒரே உயரம், போகப்போகப் படி குட்டையாகும், நொதிக்கு வேலை நிரம்பிவிட்டது என்று அர்த்தம். நேராக இருக்கும் பகுதியை மட்டும் அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கோட்டின் ஆட்டத்தினுடைய திட்ட விலக்கத்தை 3ஆல் பெருக்கி, கோட்டின் சரிவால் வகுத்தால் கண்டறியும் எல்லை கிடைக்கும்.

வெறும் ஆல்புமின் மட்டும் ஒட்டிய ஒரு எலக்ட்ரோடும் கட்டாயம் செய்யுங்கள். அதில் மின்னோட்டம் ஏறக்கூடாது. இன்னொரு நல்ல சோதனை அலோபியூரினால். யூரிக் அமிலம் கூடும் கவுட் நோய்க்குக் கொடுக்கும் இந்த மருந்து, இதே சாந்தின் ஆக்சிடேஸைத்தான் முடக்கும். அதைச் சேர்த்ததும் சிக்னல் விழுந்தால் நீங்கள் அளந்தது நொதியின் வேலையைத்தான் என்று நம்பலாம்.

படி 6: மீனுக்குப் போவது

சீசனைப் பார்த்துத் திட்டமிடுங்கள். நம் மாவட்டத்தில் இழுவைப் படகுகளுக்கான தடைக்காலம் இரண்டு விதம். சின்னமுட்டம் கிழக்குக் கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கரைக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஜூன் முதல் இரண்டு வாரம் இரண்டு பக்கமும் அடைப்பு, வள்ளத்து மீனை நம்பித்தான் இருக்க வேண்டும்.

ஒரே படகில் ஒரே நேரத்தில் இறங்கிய அயிலை 12 வாங்குங்கள். பாதி ஐஸ் பெட்டியில், பாதி அறை வெப்பநிலையில். ஐஸ் மீனை இரண்டு நாளுக்கு ஒன்றாகவும், வெளியே உள்ளதை இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாகவும் எடுங்கள். முதுகுப் பக்கத்து வெள்ளைச் சதை 5 கிராம், தோலும் கருஞ்சதையும் வேண்டாம். பஃபரில் அரைத்து, கொதிநீரில் 10 நிமிடம் வைத்தால் மீனின் சொந்த நொதிகள் அடங்கும். வடிகட்டி 50 மி.லி. ஆக்குங்கள். இதில் 0.5 மி.லி. எடுத்து 9.5 மி.லி. பஃபரில் விடுங்கள். செல்லில் காட்டும் மைக்ரோமோலாரை 0.2ஆல் பெருக்கினால் ஒரு கிராம் சதையில் எத்தனை மைக்ரோமோல் என்று வந்துவிடும்.

பஃபரில் அழகாக வேலை செய்த சென்சர் மீன் சாற்றில் மந்தமாகலாம். சாறு விட்ட பிறகு அதே பீக்கரில் 50 மைக்ரோலிட்டர் சுத்த ஹைப்போசாந்தின் விட்டுப் பாருங்கள். அளவுகோலில் ஏறிய உயரத்தில் 70 சதவீதம்தான் ஏறுகிறது என்றால், மீன் அளவையும் 0.7ஆல் வகுக்க வேண்டும். இதைச் செய்யாமல் எழுதிய எண்ணை நான் நம்ப மாட்டேன்.

அயிலைக்கு வரைந்த கோட்டைக் கணவாய்க்கு வைக்கக்கூடாது. சில மீனில் இனோசின் நிலையிலேயே தேங்கும், சிலவற்றில் ஹைப்போசாந்தின் வேகமாகச் சேரும், கணவாயின் சிதைவுப் பாதையே வேறு. சுறாவுக்கும் இது உதவாது. சுறாச் சதையில் யூரியா இருக்கிறது, பாக்டீரியா அதை அம்மோனியாவாக்கும், அங்கே யூரியேஸ் நொதி வைத்த சென்சர்தான் பேசும். தூத்தூர் பக்கத்துப் படகுகள் கொண்டுவரும் சுறாவுக்கு யாராவது அதைச் செய்தால் மகிழ்ச்சி.

இன்னொன்றும் அழுத்திச் சொல்ல வேண்டும். சூரை, அயிலை, சாளை (மத்தி) மூன்றிலும் வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற, ஒவ்வாமை போலப் பாதிக்கும் நச்சு உண்டாகும், சமைத்தாலும் போகாது. இந்த சென்சர் அதைக் காட்டாது. மீன் கெடாமலிருக்கச் சிலர் கலக்கும் ஃபார்மலினையும் காட்டாது. ஃபார்மலினுக்கு கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் தனியாகச் சோதனைத் தாள் உருவாக்கியிருக்கிறது. நம் எண் குறைவாக வந்தது என்பதால் மீன் பத்திரம் என்று யாரிடமும் சொல்லாதீர்கள். எவ்வளவு சிதைந்திருக்கிறது என்பது மட்டும்தான் நமக்குத் தெரியும்.

வைத்துக்கொள்வதும் கரைக்குக் கொண்டுபோவதும்

செய்த எலக்ட்ரோடுகளைச் சிலிக்கா ஜெல்லோடு இருட்டு டப்பாவில் 4 டிகிரியில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். உப்புக் காற்றில் வெள்ளி முனைகள் கறுக்கும், டப்பாவைக் கடற்கரையில் திறந்தே வைக்காதீர்கள். வாரம் ஒன்றை எடுத்து 10 மைக்ரோமோலாருக்கு எவ்வளவு ஏறுகிறது என்று எழுதி வாருங்கள். பாதிக்குக் கீழே இறங்கினால் அந்தத் தொகுதி முடிந்தது.

என் சென்சர் ஓரளவு நிதானத்துக்கு வந்த பிறகு முட்டத்து அக்காவிடம் 5 அயிலை கொடுத்து, புதுசிலிருந்து பழசுக்கு வரிசைப்படுத்தச் சொன்னேன். 4 நாள் ஐஸில் இருந்ததைக் கடைசியில் வைத்தார், செவுள் வெளுத்திருந்தது. 9 மணி நேரம் வெளியே இருந்ததை அதற்கு முன்னால் வைத்தார். சென்சர் இந்த இரண்டையும் மாற்றிச் சொன்னது. எண்ணைக் காட்டியதும் அவர் இரண்டு மீனின் வயிற்றையும் கீறி, விரல் வைத்து முகர்ந்தார். "ஆமா, இதுதான் கெட்டது" என்று வெளியே கிடந்ததைத் தள்ளி வைத்தார். அப்புறம் என் பீக்கரையும் சுழற்றியையும் பார்த்துவிட்டு, "ஏலம் நடக்குற எடத்துல இத எங்க மக்களே வைப்ப?" என்றார்.

சரியான கேள்வி. இப்போது பீக்கர் இல்லாமல், பட்டையின் மேல் 60 மைக்ரோலிட்டர் சாறு ஒரே துளியாக வைத்து, ஒரு நிமிடம் கழித்து வோல்ட்டேஜ் கொடுத்து, அதன் பிறகு 30ஆவது விநாடியின் மின்னோட்டத்தை மட்டும் படித்துப் பார்க்கிறேன். துளியை மூன்று எலக்ட்ரோடும் முழுசாக நனையும்படி வைக்க வேண்டும், பட்டையைச் சமமான பலகையில் படுக்க வைக்க வேண்டும், ஒவ்வொரு மீனுக்கும் மூன்று பட்டை.